டிஸ்சார்ஜ் ஆனவரின் கட்டில்

தொண்ணூறுகளின் கடைசியில் டில்லியில் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சியில் நர்ஸாக இருந்தேன். ஒரு ஸ்ட்ரெச்சரில் இரண்டு பேர் படுப்பது அங்கே சாதாரணம்.

ஒரு ஜனவரி காலையில், கட்டிட வேலை செய்யும் விழுப்புரத்துப் பெண்ணொருத்தி மூச்சிரைப்போடு வந்தாள். கால் முறிந்த இன்னொரு பெண் படுத்திருந்த ஸ்ட்ரெச்சரின் ஓரத்தில்தான் அவளுக்கு இடம் கிடைத்தது.

"அக்கா, சாஞ்சா அவங்க கால்ல இடிச்சுடுவேன். இப்படியே குந்திக்கிறேன்" என்றாள்.

வார்டில் சேர்க்கும்படி டாக்டர் எழுதிவிட்டார். போனில் கேட்டால் கட்டில் காலியில்லை என்றார்கள். மதியம் நானே மாடியேறிப் போனேன். பெண்கள் வார்டில் ஓர் அம்மாள் ஸ்வெட்டரும் சால்வையுமாக, பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காலையிலேயே டிஸ்சார்ஜ் ஆகிவிட்டதாம். மகன் ஃபேக்டரி ஷிஃப்ட் முடிந்து சாயங்காலம்தான் வருவானாம்.

"மாஜி, இந்தக் கட்டில் கிடைக்குமா?" என்று இந்தியில் கேட்டேன்.

"எடுத்துக்கோ பேட்டீ. அதுவரைக்கும் நான் எங்கே உட்காரட்டும்?"

நியாயமான கேள்வி. வார்டின் பின்பக்க வராந்தாவில் நல்ல வெயில் அடித்தது. ஒரு நாற்காலியில் கம்பளியை மடித்துப் போட்டேன்.

"விழுந்து வெச்சா யார் பதில் சொல்றது?" என்றார் மலையாளியான வார்டு சிஸ்டர். அம்மாளைப் பார்த்துக்கொள்ளும்படி வார்டு ஆயாவிடம் நான் சொன்ன பிறகுதான் சம்மதித்தார். சற்று நேரத்தில் விழுப்புரத்துப் பெண் மேலே வந்து, தலையணைகளில் சாய்ந்தபடி தூங்கிப்போனாள்.

டியூட்டி முடிந்து அவளைப் பார்க்கப் போனபோது, கட்டில் பக்கத்தில் ஓர் இளைஞன் தரையில் உட்கார்ந்து விம்மிக்கொண்டிருந்தான். அந்த அம்மாளின் மகன். அம்மாவின் கட்டிலில் வேறு யாரோ படுத்திருப்பதைப் பார்த்ததும் அவர் இறந்துவிட்டார் என்றே நினைத்துவிட்டான். கையைப் பிடித்து வராந்தாவுக்குக் கூட்டிப் போனேன். அம்மாள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டா அழறே?"

அவன் அவரைக் கட்டிக்கொண்டான். பிறகு என் பக்கம் திரும்பி, "வாசல்லயே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, சிஸ்டர்?" என்றான். கேட்டதில் தப்பே இல்லை.

மறுநாள் வார்டு சிஸ்டரே வராந்தாவில் இன்னும் சில நாற்காலிகள் போடச் செய்தார். வருகிற உறவினர்களிடம் வாசலிலேயே விஷயத்தைச் சொல்வது ஆயாவின் பொறுப்பாயிற்று. அந்தக் குளிர்காலத்தில் பல மதியங்கள் கீழே ஒரு ஸ்ட்ரெச்சரில் ஒருவரையே படுக்கவைக்க முடிந்தது. மழைக்குப் பிறகு டெங்கு வந்தபோது மறுபடியும் இரண்டிரண்டு பேர்தான். ஆனாலும் மேலேயிருந்து முன்னைவிடச் சீக்கிரம் போன் வந்தது: "ஒரு கட்டில் இருக்கு, அனுப்புங்க."