லேசர் சூடு

இரண்டாயிரத்துக்குப் பின்வந்த சில ஆண்டுகள், விருதுநகரில் ஒரு கல்லூரியில் ஒளிரும் நானோ பொடியை வைத்து வெப்பம் அளந்துகொண்டிருந்தேன். தெர்மாமீட்டர் நுழைய முடியாத நுண்ணிய இடத்திலும் அந்தப் பொடி ஒட்டும். லேசர் பட்டால் பச்சையாக ஒளிரும். அந்தப் பச்சையில் இரண்டு சாயல்கள் உண்டு. சூடு ஏற ஏற ஒன்று மற்றதைவிட வலுக்கும். அந்த விகிதத்திலிருந்து வெப்பநிலையைக் கணக்கிடலாம்.

ஒரு தீபாவளி சீசனில், தூறல் விழுந்த மறுநாள் காலை, என் பழைய மாணவன் வந்தான். தாய்மாமனோடு கூட்டாக அச்சங்குளத்தில் சின்னதாய்ப் பட்டாசு கம்பெனி நடத்திவந்தான். முந்தின நாள் கலந்த அலுமினிய மருந்தில் ஈரம் பட்டிருக்குமோ என்று அவனுக்குச் சந்தேகம். ஈரம் பட்டால் மருந்து உள்ளுக்குள்ளேயே சூடேறித் தானாகப் பற்றிக்கொள்ளும். ஒரு சிட்டிகை கொண்டுவந்திருந்தான்.

"தெர்மாமீட்டர் ஒண்ணுமில்லங்குது சார். அழிச்சிருவோம்னா, 'ஏலே, தூறலுக்கே பயந்தா பட்டாசை விட்டுட்டு காலண்டர் அச்சடிக்கப் போலே'ங்காரு எங்க மாமா. நீங்க சூடுன்னு சொன்னா அம்புட்டையும் அழிச்சிருதேன்."

மருந்தின்மேல் என் பொடியைத் தூவி லென்ஸின் கீழ் வைத்தேன். ஓரிடத்தில் மட்டும் வெப்ப அளவு ஏறியிருந்தது. லேசரே துகளைச் சூடாக்கி அளவைக் கெடுப்பதுண்டு. அந்த ஆண்டு முழுவதும் அந்தக் கோளாறோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அதனால் பார்த்த உடனே முடிவு செய்துவிட்டேன்.

"இது என் லேசர் சூடுப்பா. உன் மருந்துல ஒண்ணுமில்ல."

"அப்ப சரி சார். மாமாகிட்ட வாங்குற ஏச்சு மிச்சம்" என்று சிரித்தபடி போனான்.

மதியம் மருந்து அறை வெடித்தது. உள்ளே அவன் மட்டும் இருந்தான்.

செய்தி வந்தபோது அந்தச் சிட்டிகை லென்ஸின் கீழேயே இருந்தது. லேசரைப் பாதியாகக் குறைத்தேன். சூடு லேசருடையது என்றால் அளவு இறங்க வேண்டும். இறங்கவில்லை. இன்னும் குறைத்தேன். அப்போதும் இறங்கவில்லை. காலையில் அவனை உட்காரவைத்துக்கொண்டே இதைச் செய்திருக்கலாம்.

துக்க வீட்டில் அவன் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க மெஷினுக்கே தெரியல சார். ஆனா தூறல் விழுந்தது எனக்குத் தெரியும்லா? நான்தான் கொன்னுட்டேன்."

மெஷினுக்குத் தெரிந்திருந்தது என்று நான் சொல்லவில்லை.

பிறகு சாத்தூர் பேருந்து நிலையத்தில் சிலமுறை அவரைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மெலிந்திருந்தார். "சாப்பிட்டீகளா சார்?" என்று கேட்பார். சாப்பிட்டேன் என்பேன்.