எதிர் வீட்டுக்காரரின் இறக்கை

போன வருடம் நவம்பரில், டெக்சாஸில் ஆலன் என்கிற ஊரில், எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நடந்தது இது. அதைச் சொல்வதற்கு முன் என் கணவரின் கார் பைத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன்.

அவர் கோயம்புத்தூர்க்காரர். சின்ன வயதில் ரேஸ் பார்த்து வளர்ந்தவர். இங்கே சாஃப்ட்வேரில் வேலை பார்த்தாலும் மனசெல்லாம் அறுபதுகளின் கடைசியில் வந்த அமெரிக்க ரேஸ் கார்களில்தான். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுகிற பாட்லக்குக்கு யார் வந்தாலும் சரி, தட்டில் பிரியாணி விழுவதற்குள் பிரசங்கம் ஆரம்பித்துவிடும். அந்தக் காலத்தில் ஷோரூமில் விற்கிற மாடலைத்தான் ரேஸிலும் ஓட்ட வேண்டுமாம். பெட்டி மாதிரி இருந்த கார்கள் வேகம் எடுத்ததும் காற்று பின்பக்கத்தைத் தூக்கியதாம். அதனால் முன்னால் கூர்மையாக ஒரு மூக்கும் பின்னால் உயரமாக ஓர் இறக்கையும் வைத்தார்கள். ரேஸில் விட வேண்டுமென்றால் அதே காரைப் பொதுமக்களுக்கும் விற்றாக வேண்டும். ஜனங்களோ இதென்ன கோலம் என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். விற்காமல் நின்ற சில கார்களுக்கு டீலர்களே மூக்கையும் இறக்கையையும் கழற்றிவிட்டு, சாதாரண முகப்பை மாட்டித் தள்ளிவிட்டார்களாம். அப்புறம் ரேஸ் விதிகளையும் மாற்ற, அந்தக் கார்களின் கதை அத்தோடு முடிந்தது.

எனக்கு இதெல்லாம் மனப்பாடம். "இறக்கை ஏன் அவ்வளவு உயரம் தெரியுமா?" என்று அவர் விருந்தாளியைக் கேட்கும்போதே எங்கள் மகள், "அப்பா, ப்ளீஸ், நாட் அகெய்ன்" என்று மாடிக்குப் போய்விடுவாள். நான் எங்கே போவது? ஃபோனில் அவர் படம் காட்டினால் பார்க்காமலே தலையாட்டக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் எதிர் வீட்டில் வயதான அமெரிக்கர் ஒருவர் தனியாக இருந்தார். அந்த வருட ஆரம்பத்தில் இடுப்பு ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். வேறு மாநிலத்திலிருந்து வந்த அவருடைய மகள், அவர் திரும்புவதற்குள் வீட்டை ஒழித்துவைக்கலாம் என்று கராஜில் அடைந்து கிடந்ததையெல்லாம் தெருவோரம் எடுத்துப் போட்டாள். தெருவோரம் கிடப்பதில் தோட்டத்துக்கு ஆகிறது ஏதாவது உண்டா என்று பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. இங்கே இருக்கும் நம்மவர்களில் பாதிப் பேருக்கு உண்டு, ஒத்துக்கொள்ளத்தான் மாட்டோம். இரண்டு பக்கமும் கால், மேலே குறுக்காக ஒரு சட்டம், பெயிண்ட் உரிந்த ஏதோ ஒரு ஸ்டாண்டு கிடந்தது. துருப்பிடிக்காத உலோகம். அவரைக்கொடிக்கென்றே செய்தது போல இருந்தது. எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். தாராளமாக என்றாள்.

கொல்லையில் கான்கிரீட் கல் அடுக்கி அதை நிறுத்தி, சட்டத்திலிருந்து சணல் கட்டிக் கொடியை ஏற்றினேன். கோடையில் கொடி மூடிக்கொண்டு, ஸ்டாண்டு இருப்பதே தெரியவில்லை. எப்போதோ ஒருநாள் கொல்லைப்பக்கம் எட்டிப்பார்த்த என் கணவர், "நல்ல பந்தல்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பெரியவர் வீடு திரும்பிய பிறகு, ஒருநாள் அவருடைய கராஜ் திறந்திருந்ததை என் கணவர் பார்த்துவிட்டார். உள்ளே ஒரு பழைய கார். சுவரில் சாய்த்து, கூர்மையான ஒரு மூக்கு. ஓடி வந்து என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. டீலர் கழற்றிவிட்டு விற்ற கார்களில் அதுவும் ஒன்று. கழற்றிய பாகங்களையும் கேட்டு வாங்கி வந்திருந்தாராம் பெரியவர். திரும்ப மாட்டியதே இல்லை. வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருப்பதாக முடிவாகியிருந்தது. அதற்குமுன் காரை ஒருமுறை முழுசாகப் பார்த்துவிட ஆசைப்பட்டார்.

மூக்கு இருந்தது. இறக்கையைக் காணோம். கராஜ் பரணில்தான் வைத்தேன் என்று தினமும் சொன்னார். அப்படி எதையும் தான் பார்க்கவே இல்லை என்றாள் மகள். இங்கேதான் என் வீட்டு மேதாவி வாயைத் திறந்தார். டீலர்கள் இறக்கையையெல்லாம் அப்போதே குப்பையில் போட்டிருப்பார்கள், உங்களிடம் தந்திருக்க வாய்ப்பே இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டார். மகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அப்பா இல்லாததையெல்லாம் இருந்ததாகச் சொல்கிறார், இனி வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்று, ஞாபக மறதிக்காரர்களுக்கான விடுதியில் இடம் பார்க்க ஆரம்பித்தாள். "பாவம், பெரியவருக்கு மறதி ஆரம்பிச்சிருச்சு" என்றார் என் கணவர், சாப்பாட்டு மேஜையில். நானும் பாவம் என்றேன். அன்றைக்கு அவரைக்காய்ப் பொரியல்.

நவம்பரில் உறைபனி எச்சரிக்கை வந்தது. கறிவேப்பிலைத் தொட்டியை உள்ளே வைத்துவிட்டு, எப்படியும் கருகப்போகிற கொடியை அறுத்து இழுத்தேன். சணலோடு எல்லாம் கையோடு வந்தது. மிஞ்சி நின்றது இரண்டு கால், குறுக்கே ஒரு சட்டம். கால்களின் அடியில் போல்ட் ஓட்டைகள். எத்தனை வருடப் பிரசங்கம்! இறக்கை எப்படி இருக்கும் என்று எனக்கா தெரியாது?

"ஏனுங்க, இங்க கொஞ்சம் வாங்க" என்றேன். மீட்டிங்கிலிருந்து ஹெட்செட்டோடு வந்தவர் அப்படியே நின்றார்.

"இது எங்கிருந்து வந்துச்சு?"

"நல்ல பந்தல்னு சொன்னீங்களே, அதுதான்."

அதற்கு மேல் அவரிடம் ஒரு வார்த்தை இல்லை. இந்த அமைதிக்காக நான் வருடக்கணக்காக ஏங்கியிருக்கிறேன். வந்தபோது அனுபவிக்கத்தான் முடியவில்லை.

ஆளுக்கொரு பக்கம் பிடித்து எதிர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பெரியவர் கராஜில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மகள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. சட்டத்தை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தடவினார். பிறகு மகளைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"பரணில்தான் வைத்திருந்தேன்."

பழைய ஷெல்ஃபின் பாகம் என்று நினைத்துத் தானே தூக்கிப் போட்டதாகச் சொன்ன மகள், அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். என் கணவர் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டார். ஒரு விளக்கமும் சேர்க்காமல் கேட்டதுதான் ஆச்சரியம்.

அன்று மாலையே இறக்கையை மாட்டினார்கள். சட்டத்தின் இடுக்கில் ஒட்டியிருந்த காய்ந்த அவரையை எடுத்து, இது என்ன என்று பெரியவர் என்னிடம் கேட்டார். சொன்னேன். நன்றாகக் காய்த்ததா என்றார். வேண்டிய மட்டும் என்றேன். ரோட்டில் போகிற வேகத்துக்கு இந்த இறக்கையால் ஒரு பிரயோஜனமும் கிடையாது, இது உருப்படியாக வேலை பார்த்தது உன் தோட்டத்தில்தான் என்று சிரித்தார். விடுதிப் பேச்சு அதோடு நின்றது. அவர் மகள் வீட்டுக்கே போனார்.

பாட்லக் பிரசங்கம் மட்டும் நிற்கவில்லை. இப்போது அதில் பெரியவரின் காரும் சேர்ந்துவிட்டது. அவரைப் பந்தல் வருகிற இடத்தை என் கணவர் லாவகமாக விட்டுவிடுவார், நான் அடுப்படியிலிருந்தே எடுத்துக்கொடுப்பேன். ஆனால் வயதானவர் ஒருவர் 'இங்கேதான் வைத்தேன்' என்று சொன்னால், மறந்திருப்பீர்கள் என்று சொல்ல இப்போதெல்லாம் எனக்கு வாய் வருவதில்லை. முதலில் என் வீட்டுக் கொல்லையில் போய்ப் பார்த்துவிட்டு வரத் தோன்றுகிறது.