டிஸ்குக்கு வைத்த பொட்டு

போன வெள்ளிக்கிழமை காலை ஒரு கொம்பியூட்டருக்குப் பொட்டு வைத்தோம். சிரிக்காதீர்கள். புதுக் கார் வாங்கினால் வைக்கிறீர்கள், புதுத் தையல் மெஷினுக்கு வைக்கிறீர்கள்... கொம்பியூட்டர் மட்டும் என்ன பாவம் செய்தது?

நான் கணிதம் படிப்பிப்பது ஒரு ரியூட்டரியில் — பள்ளிக்கூடம் விட்டபிறகு பிள்ளைகள் காசு கட்டிப் படிக்க வரும் இடம். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட, கீழே புடைவைக் கடை, மேலே நாங்கள். நடத்துபவர் நடராசா. அவருக்கு இந்த வருடம் கொம்பியூட்டர் வகுப்பு நடத்த ஆசை பிடித்துவிட்டது. ஊரில் ஒன்றைக் கண்ணால் காண்பதே அருமை. ஆனால் அவருக்கு ஒன்றுக்கு இரண்டாக வந்து சேர்ந்தன. அங்கேதான் வில்லங்கம்.

ஒன்று பத்மா ரீச்சருடையது. எங்களிடம் தட்டெழுத்துப் படிப்பிப்பவர், அரியாலையிலிருந்து சைக்கிளில் வருபவர். லண்டனில் இருக்கும் தமையன் அனுப்பிய சின்னப் பெட்டி அது. ரீவியில் கொழுவ வேண்டும். புரோகிராம்கள் எல்லாம் பாட்டுக் கேட்கிற சாதாரணக் கசெற்றில்தான் பதிந்திருக்கும். ரேப் ரெக்கோடரை ஓட விட்டால் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு பெட்டிக்குள் ஏறும். சத்தம் கூடினாலும் ஏறாது, குறைந்தாலும் ஏறாது. அதற்காகச் சத்தக் குமிழில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருக்கிறார். ஒரு வருடமாகத் தனியாகவே இருந்து பழகிய வித்தை.

மற்றது வரதனுடையது. வரதன் நடராசாவின் மனைவிக்குத் தம்பி. குவைத்தில் பாலம் கட்டிய என்ஜினியர், போதும் என்று ஊரோடு வந்துவிட்டார். அவருடைய மெஷினுக்குக் கசெற் தேவையில்லை — டிஸ்க்! சதுரமான, கறுப்பு நிற, அப்பளம் போல வளைகிற ஒரு சாமான். உள்ளே ஒரு வட்டத் தட்டு சுழலும். மேலே நீளமாக ஒரு வெட்டு. அந்த வெட்டு வழியாகத்தான் மெஷின் தட்டை வாசிக்கும்.

எது வேகம்? இதற்கு என்ஜினியர் தேவையில்லை. கசெற்றில் மூன்றாவது பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் முதல் இரண்டையும் கடந்துதான் ஆக வேண்டும். இசைத்தட்டில் ஊசியை நேரே மூன்றாவதில் வைக்கலாம். டிஸ்க் அந்த இசைத்தட்டின் சாதி.

வியாழக்கிழமை ஒத்திகை பார்த்தோம். பிள்ளைகளின் சோதனைப் புள்ளிகளைக் கூட்டி, முதலாம் பிள்ளை யார், இரண்டாம் பிள்ளை யார் என்று சொல்லும் ஒரே புரோகிராம், இரண்டிலும். டிஸ்க் ஒருமுறை முனகியது. முடிந்தது! கசெற் ஓடத் தொடங்கியது... நான் கீழே போய்த் தேத்தண்ணி குடித்து, கடைக்காரரோடு கொஞ்சம் அரசியலும் கதைத்துவிட்டு வந்தேன். இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

நடராசா தீர்ப்பை அங்கேயே சொல்லிவிட்டார். “நாளைக்குத் தாய் தேப்பன்மார் எல்லாரும் வருவினம். அவையளுக்கு முன்னாலை இரண்டையும் ஓட விடுவம். எது கெதியா, வடிவா வேலை செய்யுதோ, அதின்ரை ஆளுக்குத்தான் வகுப்பு.”

பத்மாவின் முகம் வாடியதைக் கண்டேன். படியில் இறங்கும்போது சொன்னார்: “சேர், தோத்தால் நான் திரும்பவும் அந்த டக் டக் ரைப்பிங் அறைக்குத்தான். இனி அதுக்குள்ளை இருக்க என்னாலை ஏலாது.”

“பிள்ளை, வேகத்திலை உம்மாலை வெல்லேலாது. மரியாதையாத் தோத்துப் போம்,” என்றேன். மனம் பொறுக்கவில்லைதான். ஆனால் கணக்கு கணக்குத்தானே? என் கணிப்புகள் தவறுவதில்லை. சந்தேகமென்றால் யாரையும் கேளுங்கள் — என் மனைவியை மட்டும் கேட்காதீர்கள்.

வெள்ளி விடிந்தது. நிறைகுடம், குத்துவிளக்கு, மாவிலை, உட்காரும் வாங்குகள் நிறையப் பெற்றோர். ராகு காலம் வரமுதல் முதலாவது புரோகிராம் தொடங்கிவிட வேண்டும் என்பது நடராசாவின் கட்டளை. அவர் மனைவி சந்தனம் குங்குமத் தட்டோடு வந்தார். ரீவிகளுக்குப் பொட்டு. விசைப்பலகைகளுக்குப் பொட்டு. ரேப் ரெக்கோடரின் நெற்றியில் பொட்டு. கசெற்றின் பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு பொட்டு.

டிஸ்க் ஒரு கடதாசி உறைக்குள் இருந்தது. அந்த உறையில் வைக்கக் கை போனது. வரதன் தடுத்தார்.

“அக்கா, உது வெறும் உறையெல்லே? உறைக்கு வைச்சால் உறைக்குத்தான் பலன். இதுக்கு வையுங்கோ.”

டிஸ்கை வெளியே எடுத்து, இரண்டு கையாலும் பவ்வியமாக நீட்டினார். அக்கா நல்ல சந்தனமாக வழித்து, பளபளவென்று தெரிந்த இடம் பார்த்து அழுத்தி வைத்தார். அதன்மேல் குங்குமம். பளபளவென்று தெரிந்த இடம் எது? அந்த வெட்டுத்தான்! ஒருவராவது வாய் திறக்க வேண்டுமே... எல்லோரும் கைகூப்பிக்கொண்டு நின்றோம்.

தேங்காய் உடைத்தாயிற்று. வரதன் டிஸ்கைச் செருகினார்.

கரகர... கரகர...

சிவப்பு விளக்கு எரிந்தபடி நின்றது. ரீவியில் ஏதோ பிழை என்று ஒரு வரி வந்தது. வெளியே எடுத்தார், வேட்டித் தலைப்பால் துடைத்தார், மறுபடி செருகினார். சந்தனம் தட்டைச் சுற்றி வட்டமாகப் பரவியதுதான் மிச்சம். பெற்றோர் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“தம்பி, ராகு காலம் வரப்போகுது!” என்றார் நடராசா.

“வேறை டிஸ்க் இல்லை, அத்தான்...” வரதனுக்கு வேர்த்துக் கொட்டியது.

“பத்மா, நீர் தொடங்கும்!”

பத்மா பொத்தானை அமத்தினார். கீச்சுக் கீச்சு தொடங்கியது. பின்னாலிருந்து ஒருவர் கேட்டார், “உது முடியிறதுக்குள்ளை ராகு காலம் வந்திடுமே?” நடராசா திரும்பினார். “தொடங்கினால் சரி. முடியிறது எப்ப எண்டாலும் முடியட்டும்.”

ஓர் அறை நிறைய ஆட்கள், நடுவில் கத்துகிற ரேப் ரெக்கோடர். இத்தனை நேரம் யார் பொறுத்திருப்பார்கள்?

பத்மாவுக்கு அந்தக் கவலையே இல்லை. ஒரு வருடமாக இந்தச் சுணக்கத்தோடு வாழ்ந்தவர் அல்லவா! பெற்றோர் பக்கம் திரும்பினார்.

“இந்தச் சத்தம் என்னெண்டு தெரியுமே? கொம்பியூட்டருக்கு இரண்டே இரண்டு எழுத்துத்தான் தெரியும். ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு சத்தம். அதைத்தான் மாறி மாறிக் கத்துது.”

குருநகரிலிருந்து மகளைக் கூட்டி வந்திருந்த வள்ளக்காரர் மரியதாஸ் எழும்பினார். “அப்ப பிள்ளை, நாங்கள் கடலிலை நிண்டு கரைக்கு விளக்குக் காட்டிறம். கொளுத்தினால் ஒண்டு, மறைச்சால் வேறை ஒண்டு. அது மாதிரியே?”

“ஓம் ஐயா, அதேதான்! இது கொஞ்சம் கெதியாக் காட்டுது.”

மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பிறகென்ன? ஆளுக்கொரு கேள்வி. பத்மா பதில் சொல்லிச் சொல்லியே முன்னால் இருந்த பிள்ளைகளின் பெயர்களையும் புள்ளிகளையும் கேட்டுக் கரும்பலகையில் எழுதினார். மரியதாசுக்கு மகளின் கணிதப் புள்ளி தெரியவில்லை. மகள் காதுக்குள் சொல்ல, அவர் அதைச் சபைக்கு உரத்துச் சொன்னார். கீச்சு நின்றபோது ஒருவரும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. எல்லோருடைய தலையும் ரீவிப் பக்கம் நீண்டிருந்தது.

பத்மா புள்ளிகளை விசைப்பலகையில் அடித்தார். மரியதாசின் மகள்தான் முதலாவது. அறையே கைதட்டியது.

“என்ரை பிள்ளை இவவிட்டைத்தான் படிக்கும்,” என்றார் மரியதாஸ். “எங்கடையும்,” என்றன இரண்டு மூன்று குரல்கள்.

நடராசா விழித்தார். ஒரு பக்கம் பெற்றோர், மறுபக்கம் சந்தனத் தட்டோடு மனைவி. எந்தப் பக்கம் தலையாட்டுவது? அவரைக் காப்பாற்றியவர் வரதன்தான்.

“அத்தான், வகுப்பை அவ எடுக்கட்டும். நான் நேற்று ஓட விட்டுட்டு வாயைப் பொத்திக்கொண்டு நிண்டன். இவ்வளவு நேரம் கதைக்க எனக்குத் தெரியாது. மெஷினுகளை நான் பாக்கிறன்.”

எனக்கு அந்த மனிதர்மேல் அன்றுதான் மதிப்பு வந்தது. பத்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டு, கசெற்றைத் திரும்பச் சுற்றித் தொடக்கத்துக்குக் கொண்டு வந்தார்.

இப்போதும் அடித்துச் சொல்கிறேன் — டிஸ்க்தான் வேகம். இன்னும் கொஞ்சக் காலத்தில் கசெற் பாட்டுக் கேட்க மட்டும்தான் உதவும். அந்தக் கணிப்பில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அவசரக்காரனுக்குக் கிடைக்காத ஒன்று காத்திருக்கப் பழகியவருக்குக் கிடைக்கிறது: பேச நேரம். நல்ல ரீச்சருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

வரதன் மெஷினின் வாயைப் பஞ்சாலும் ஸ்பிரிட்டாலும் துடைத்துவிட்டார். புது டிஸ்குக்குக் குவைத் நண்பருக்குச் சொல்லியனுப்பியிருக்கிறார். வந்ததும் பத்மாவின் வகுப்பு அதில்தான் நடக்கும்.

திங்கட்கிழமை முதல் வகுப்பு. எட்டிப் பார்த்தேன். கரும்பலகையில் பத்மா ரீச்சர் எழுதியிருந்த முதலாவது பாடம்: ‘பொட்டு ரீவிக்கு மட்டும்.’