இரண்டாவது ரிங்கிலேயே எடுத்த அம்மா

ஆறு மணிக்கு ஒரு போன் பண்ண வேண்டும். அதற்குள் உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்!

கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் நான் எலக்ட்ரிக்கல் சொல்லிக்கொடுப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே செகண்ட் இயரில் சுகந்தி. ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருகிற பெண். 'சாப்பிட்டியா' என்று கேட்டால்கூட, எதற்குக் கேட்கிறேன் என்று யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

போன மாதம் ரெக்கார்டு நோட்டு வைக்கவில்லை என்று, "நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கிட்டு வா" என்றேன். அவ்வளவுதான், ஒரு வாரம் ஆளைக் காணோம். இன்னும் நாலு நாள் வராவிட்டால் அட்டெண்டன்ஸ் குறைந்து பரீட்சையே எழுத முடியாது. விடுவேனா? ரெஜிஸ்டரில் இருந்த அம்மா நம்பருக்குக் காலை பதினோரு மணிக்கு அடித்தேன்.

இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார்கள். "இன்னா மேடம், சொல்லுங்க... சுகந்தி அம்மாதான் பேசுறேன்." தொண்டை கட்டிய குரல்.

அப்போதுதான் உறைத்தது. அவள் அம்மாவுக்குத் தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றில் பகல் ஷிப்ட். உள்ளே போகும்போதே வாசலில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அப்புறம் பேசுவது யார்? சாட்சாத் சுகந்தியேதான்!

கோபம் வந்தது... ஆனால் திட்டினால் இந்த நம்பரும் போய்விடும். நானும் நடிக்க ஆரம்பித்தேன்.

"அம்மா, உங்க பொண்ணு வயரிங் பண்ணா நான் திரும்பச் செக் பண்றதே இல்ல. அவ்ளோ சுத்தம். அவ இல்லாம லேப் நல்லாவே இல்ல. அனுப்பி வைங்க."

அந்தப் பக்கத்திலிருந்து, தொண்டைக்கட்டு விட்டுப்போன குரலில் — "நெஜமாவா மேடம்?"

மறுநாள் வந்துவிட்டாள். நான் எதுவும் கேட்கவில்லை. வாத்தியார் வேலையில் இருந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

இன்று மதியம் அவளே வந்து நின்றாள்.

"ஸ்கூல் படிக்கறப்ப மார்க்கு கம்மின்னு ஒரு மிஸ்ஸு அம்மா கம்பெனிக்கே போன் பண்ணிட்டாங்க மேடம். அம்மா இன்னாவோ ஏதோன்னு அழுதுகினு ஷிப்ட்ட விட்டு ஓடியாந்துச்சு. மறுநாள் வேலைக்கு வராதன்னுட்டாங்க. அதான் இங்க சேரறப்ப அம்மா நம்பருன்னு என் நம்பர எழுதிட்டேன்."

பிள்ளைகள் நம்மை நம்புவதில்லை என்று ஸ்டாஃப் ரூமில் புலம்புகிறோம். அவர்கள் வீட்டுக்கு நாம் ஒருநாளாவது நல்ல சேதி சொல்லப் போன் போட்டிருக்கிறோமா? நான் போட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

சுகந்தி ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள். "இதான் அம்மாவோட நெஜ நம்பரு. வேற கம்பெனிக்குப் போவுது இப்போ. ஆறு மணிக்கு மேல அடிங்க மேடம். அன்னிக்கு எங்கிட்ட சொன்னீங்களே... அத அப்படியே சொல்லுங்க."

மணி ஐந்து ஐம்பத்தெட்டு. கொஞ்சம் இருங்கள், தொண்டையைச் சரிசெய்துகொள்கிறேன்.