இயந்திரத்தில் தெரிந்த பணம்

மலை ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்று என் மனைவி சொல்லத் தொடங்கியபோது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்கரப்பத்தனையில் தேயிலைக் கொழுந்து பறிக்கிற எந்தப் பெண்ணுக்குத்தான் மூச்சு வாங்காமல் இருக்கிறது? பிறகு தட்டையான பாதையிலும் வாங்கியது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய் பெயர் கொடுத்துவிட்டு, மலைக்கு ஏற முடியாமல் பாதி வழியில் உட்கார்ந்து, கங்காணியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பி வந்தாள். கண்டியில் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்று இதயத்தின் வால்வைக் கெடுத்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்றார்கள்.

அங்கே காத்திருப்போர் வரிசை நீளமாக இருந்தது. அவளால் அவ்வளவு காலம் தாங்க முடியுமா என்று கேட்டேன். டாக்டர் நேராகப் பதில் சொல்லாமல், கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பெயரை எழுதித் தந்தார். வேறு யாரிடமாவது கேட்டுப் பார்க்கலாம் என்றால், எங்கள் லயத்தில் எல்லோரும் எங்களைப் போலத்தான் இருந்தார்கள். என்னிடம் விற்கிற மாதிரி இருந்தது ஆட்டோ ஒன்றுதான். தவணையெல்லாம் கட்டி முடித்து, வண்டிப் புத்தகம் என் கைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

இணையத்தில் விளம்பரம் போட்டு விற்கலாம் என்பது ரெண்டாயிரத்துக்குப் பின்னால் வந்த அந்த வருடங்களில்தான் எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரிய ஆரம்பித்திருந்தது. ஹட்டன் டவுனில் டெலிபோன், போட்டோ கொப்பி, இன்டர்நெட் எல்லாம் வைத்திருந்த ஒரு முஸ்லிம் கடைக்காரர் இருந்தார். நாங்கள் அவரை, அண்ணன் என்கிற முறையில், நானா என்றுதான் கூப்பிடுவோம். அவரே வண்டியைப் படம் எடுத்து விளம்பரத்தை அடித்தார். மனைவியின் ஆபரேஷனுக்காக அவசரமாக விற்கிறேன் என்று போடும்படி நான் சொன்னேன். அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவசரம்னு போட வேணாம் தம்பி. கண்டவனெல்லாம் வருவான்."

உண்மையைச் சொன்னால் நல்ல மனது உள்ளவன் யாராவது நியாயமான விலைக்கு வாங்குவான் என்று எனக்குத் தோன்றியது. போடச் சொன்னேன். போட்டார்.

முதலில் அழைத்தவர்கள் எல்லாம் விலையைப் பாதியாக்கத்தான் பார்த்தார்கள். லயத்துக்குள் சிக்னல் கிடையாது. கோவிலுக்கு மேலே இருக்கிற வளைவில் நின்றால்தான் போன் வேலை செய்யும். ஓட்டம் இல்லாத நேரமெல்லாம் அங்கேயே வண்டியைப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். அப்படி இருந்த ஒரு மத்தியானத்தில்தான் கொழும்பிலிருந்து ஒருவர் பேசினார். நல்ல தமிழ், நிதானமான குரல். விலை பேசவே இல்லை. என் மனைவிக்கு என்ன, எந்த டாக்டர் பார்க்கிறார் என்றுதான் கேட்டார். தன் தாயாருக்கும் இதே ஆபரேஷன் நடந்தது, இப்போது நன்றாக நடமாடுகிறார், பயப்பட வேண்டாம் என்றார். அதுவரை யாரும் என்னிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லியிருக்கவில்லை. அந்த வளைவில் நின்று நான் அழுதேன்.

தனக்கு மலைக்கு வர நேரமில்லை, பணத்தை என் கணக்கில் போட்டுவிட்டு ஆளை அனுப்பி வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நானும் கொழும்புக்குப் போக விரும்பவில்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். தமிழ் அடையாள அட்டையோடு அங்கே ஒரு ராத்திரி தங்குவதென்றால்கூட பொலிஸில் பதிய வேண்டும், வந்த காரணம் சொல்ல வேண்டும். அவர் சொன்ன ஏற்பாடு எனக்கு எல்லா வகையிலும் வசதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அழைத்தார். பணம் போட்டாயிற்று, போய் மெஷினில் பாருங்கள் என்றார். ஹட்டனுக்கு ஓடினேன். வங்கி மூடியிருந்தது. வெளியே இருந்த இயந்திரத்தில் அட்டையைப் போட்டு மீதியைக் கேட்டேன். வந்த துண்டில் இரண்டு வரி இருந்தது. மேல் வரியில் முழுத் தொகையும் இருந்தது. அதைப் பார்த்த பிறகு கீழ் வரியைப் படிக்க எனக்குத் தோன்றவில்லை. அங்கிருந்தே கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் பேசி, முற்பணத்தைச் செவ்வாய்க்கிழமை கட்டிவிடுகிறேன், ஆபரேஷன் திகதியை எங்களுக்கே வையுங்கள் என்று சொன்னேன். திங்கட்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை. செவ்வாய்க்குமேல் வைத்திருக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் பேசிய பெண் சொன்னாள்.

மறுநாள் காலை வண்டியைக் கொடுக்க ஹட்டனுக்குக் கிளம்பினேன். தானும் வருவதாக மனைவி சொன்னாள். நான் தனியாக பஸ்ஸில் திரும்பி வருவதை நினைக்கப் பிடிக்கவில்லையாம். பின் சீட்டில் சால்வையைப் போர்த்திக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்து வந்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கொழும்புக்காரர் அனுப்பிய ஆள் காத்திருந்தார். முப்பது வயது இருக்கும். மனைவிக்கு என்று அப்பிள் வாங்கி வந்திருந்தார். ஆனால் வண்டியை அவர் சரியாகப் பார்க்கவே இல்லை. என்ஜின் மூடியைத் திறக்கவில்லை, டயரை மிதித்துப் பார்க்கவில்லை, ஒரு சுற்று ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. புத்தகத்தையும், வாங்குபவர் பெயர் இல்லாமல் நான் கையெழுத்துப் போட்ட உரிமை மாற்றப் பத்திரத்தையும் மட்டும் கேட்டார். இவ்வளவு நம்பிக்கையாக வாங்குகிறார்களே என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பத்திரத்தை நான் எடுக்கப் போனபோது மனைவி என்னைக் கூப்பிட்டாள். பஸ்ஸுக்கும் மருந்துக்கும் கையில் ஒன்றுமில்லை, முதலில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றாள். நியாயம்தானே என்று இயந்திரத்துக்குப் போனேன். சின்னத் தொகைதான் அழுத்தினேன். பணம் போதாது என்று வந்தது. இன்னும் சின்னதாக அழுத்தினேன். அதற்கும் அதே பதில். மறுபடி மீதியைக் கேட்டேன். மேல் வரியில் எல்லாம் அப்படியே இருந்தது. கீழ் வரியில், எடுக்கக்கூடிய தொகை என்ற இடத்தில், என் பழைய சில்லறை மட்டும் இருந்தது.

கொழும்புக்காரருக்கு அழைத்தேன். அவர் சிரித்தார். பெரிய தொகை என்றால் சனி ஞாயிறுகளில் மெஷின் விடாது, செவ்வாய்க்கிழமை தானாக வந்துவிடும், கண்ணால் பார்த்தீர்கள்தானே என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. உண்மையில், சரியாக இருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன். வந்து சாவியை நீட்டினேன்.

மனைவி வண்டியை விட்டு இறங்கவில்லை.

"இறங்கு. அவங்க போகணும்," என்றேன்.

"காசு கையில வரட்டுங்க. அப்பறம் எறங்குறேன்."

பணம் கணக்கில் இருக்கிறது என்று விளக்கினேன். எடுக்க முடியாத காசு எப்படி நம்ம காசாகும் என்று கேட்டாள். அவளுக்கு வங்கியைப் பற்றி எதுவும் தெரியாது. ஒரு வாக்கியம் பேசி முடிக்க இரண்டு தடவை மூச்சு எடுக்க வேண்டியிருந்தது. அந்த ஆளைப் பார்த்து, "செவ்வாக்கெழம வாங்கண்ணே. பேங்குல கேட்டுட்டு நாங்களே குடுக்குறோம். வண்டி எங்கயும் போகாது," என்றாள்.

அந்த ஆளின் முகம் மாறியது. அப்பிளைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். முதலாளியின் காசையும் வாங்கிக்கொண்டு வண்டியையும் தராமல் இருந்தால் அதற்குப் பெயர் களவு என்றார். பொலிஸுக்குப் போகட்டுமா, அங்கே உங்கள் மாதிரி ஆட்களை எப்படி விசாரிப்பார்கள் என்று தெரியும்தானே என்றார். அவளுடைய கையைப் பிடித்து இழுத்தேன். அவள் முன்னால் இருந்த கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

"ஒனக்காகத்தானே விக்கிறேன்," என்று கத்தினேன்.

"எனக்குத் தெரியும்," என்றாள். "இதயும் குடுத்துட்டா நம்மகிட்ட என்ன இருக்கு?"

ஆட்கள் கூடவும் அந்த ஆள் போனைக் காதில் வைத்தபடி நடந்து போய்விட்டார். பொலிஸ் வரவில்லை. நாங்கள் அதே வண்டியில் திரும்பி வந்தோம். வழியில் நான் அவளோடு பேசவில்லை.

ஏமாற்று வேலையிலிருந்து தப்பித்தோம் என்று இன்று எளிதாகச் சொல்லிவிடலாம். அந்த மூன்று நாட்களும் எனக்கு அப்படித் தெரியவில்லை. உதவ வந்த ஒரு நல்ல மனிதரை விரட்டிவிட்டோம், ஆபரேஷன் கையை விட்டுப் போய்விட்டது, அதுவும் அவள் பிடிவாதத்தால் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை சாயந்தரமே கொழும்புக்காரர் அழைத்து, வியாபாரம் வேண்டாம், பணத்தைத் திருப்பி எடுக்க வங்கிக்கு எழுதப்போகிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை அந்த வளைவில் நின்றுகொண்டு நான் அவரிடம் கெஞ்சினேன். பொம்பளை, நோயாளி, விவரம் தெரியாதவள், மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா என்றேன். பிறகு, அப்படியானால் நீங்களே கொழும்புப் பாதையிலுள்ள அவிசாவளைக்குக் கொண்டுவந்து தாருங்கள், நாளைக்கே, தனியாக வாருங்கள் என்றார். வருகிறேன் என்று சத்தியம் பண்ணினேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் டேங்கை நிரப்பி, புத்தகத்தையும் பத்திரத்தையும் சீட்டுக்குக் கீழே வைத்தேன். மனைவிக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் இந்தமுறை அவள் தடுக்கவில்லை. தடுக்கத் தெம்பில்லை. சுவரில் சாய்ந்தபடி வாயைத் திறந்து மூச்சுக்கு அலைந்துகொண்டிருந்தாள். உதடு நீலமாகிவிட்டிருந்தது. தோட்டத்து மருந்துக்கடையில் போயாவுக்கு ஆள் இல்லை. அவளைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தி, பக்கத்து வீட்டு அக்காவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். போன் திரும்பத் திரும்ப அடித்தது. எடுக்கவில்லை. அந்த வண்டியை நான் சனிக்கிழமையே கொடுத்திருந்தால் அன்றைக்கு அவளை எதில் கொண்டுபோயிருப்பேன் என்று அப்போது யோசிக்கவில்லை. ரோட்டைத் தவிர வேறு எதையும் யோசிக்கவில்லை.

அங்கே ஒட்சிசன் வைத்து, ஊசி போட்டு, நுரையீரலில் சேர்ந்திருந்த நீரை இறக்கினார்கள். செவ்வாய்க்கிழமை காலை அவள் கண்ணைத் திறந்து பேசியதும், நான் ஹட்டன் வங்கிக்குப் போனேன். கணக்கு விவகாரம் பார்க்கிறவர் யாழ்ப்பாணத்து அதிகாரி. வங்கிப் புத்தகத்தை வாங்கி, கம்பியூட்டரைப் பார்த்து, கொழும்புக் கிளைக்குப் போன் எடுத்தார். பேசி முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, உது காசில்லை. செக் போட்டிருக்கிறாங்கள். அந்தக் கணக்கு எப்பவோ மூடின கணக்கு. செக் திரும்பீட்டுது."

காசாகப் போட்டால்தான் உடனே காசு, செக் என்றால் மாறி வரும்வரை அது வெறும் இலக்கம்தான், மெஷின் அந்த இலக்கத்தைக் காட்டும் ஆனால் தராது என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். இதே மாதிரி வேறு ஒருவரும் வந்தார், அவர் வண்டியைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார் என்றார். வண்டியைக் கொடுத்தீர்களா என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். நல்ல வேளை என்றார்.

எனக்கு நல்ல வேளையாகத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து அந்தப் பணம் எங்களுடையதாக இருந்தது. அதை வைத்து அவளைக் குணமாக்கிவிட்டிருந்தேன், மனதுக்குள். இப்போது அது எப்போதும் இருந்ததே இல்லை என்கிறார்கள். வங்கிப் படியில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன். திகதி வேறு ஆளுக்குப் போய்விட்டது. கொழும்புக்காரரின் நம்பர் வேலை செய்யவில்லை. பொலிஸுக்கும் போனேன். நான் சிங்களத்தில் சொன்னதை ஒருவர் எழுதிக்கொண்டு, வண்டி உன்னிடம்தானே இருக்கிறது, பிறகென்ன என்று கேட்டார்.

அங்கிருந்து நேராக நானாவின் கடைக்குப் போய் வண்டியை எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். விளம்பரத்தில் போட்ட விலைக்கு முடியாது, தான் வியாபாரி, வாங்கினால் விற்று லாபம் பார்க்கத்தான் வாங்குவேன் என்று ஒளிக்காமல் சொன்னார். "ஆனா காசு இன்டைக்கே கையில," என்றார். விளம்பரம் பார்த்து அழைத்த எத்தனையோ ஆள் கேட்டதைவிட அது மோசமான விலை இல்லை. மாலைக்குள் நோட்டாகக் கொடுத்தார். நான் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் நுவரெலியாவுக்குப் போனேன். போதாததற்கு மனைவியின் தோடும், அவள் அண்ணன் வேலையில் சேர்த்திருந்த சேமலாப நிதிப் பணத்தில் கொஞ்சமும் சேர்ந்தது.

முற்பணம் கட்டி வாங்கிய அடுத்த திகதிவரை அவள் தாங்குவாளா என்று யாருக்கும் தெரியாது. நுவரெலியா வார்டிலிருந்து அவளை வீட்டுக்கே விடவில்லை. ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் போய், கட்டில் காலியாக இல்லை என்பதை வாசலிலிருந்தே பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவேன். கடைசியில் கொழும்பில் ஆபரேஷன் நடந்தது. அவள் பிழைத்தாள். மலை ஏறுகிற வேலைக்கு மட்டும் திரும்பப் போகவில்லை. நான் பல வருடம் அடுத்தவர்களின் வேனை ஓட்டினேன். யார் எதை விற்றாலும், காசா செக்கா என்று கேட்கிற பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது.

ஆபரேஷனுக்கு மறுநாள், நான் ஆஸ்பத்திரி நடையில் நின்றிருந்தபோது, தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. வலப்பனையிலிருந்து ஒரு மரக்கறித் தோட்டக்காரர், சிங்களத்தில் பேசினார். லொறியை விற்க விளம்பரம் போட்டாராம். கணக்கில் பணம் தெரிந்ததும் கொடுத்துவிட்டாராம். இப்போது வண்டி விற்க விளம்பரம் போட்ட எல்லோருக்கும் ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டிருந்தார், யாருக்காவது அந்த ஆளைத் தெரியுமா என்று. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். குரல், அப்பிள், அவிசாவளை. எதுவும் அவருக்கு உதவாது என்று சொல்லும்போதே தெரிந்தது. அவர் கொஞ்ச நேரம் போனை வைக்காமல் அழுதார். நானும் வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் இதை மனைவியிடம் சொன்னேன்.

"லீசிங்ல எடுத்த லொறியாங்க?" என்று கேட்டாள்.

ஆமாம், இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார் என்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.