மலைக்காரி காலுக்குச் சுடாது

போன வாரம் எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஒரே சண்டை. எங்கேயோ ஒரு கல்லூரியில் கூடைப்பந்து கோச் ஒருவரை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்களாம். பிள்ளைகளைக் கண்டபடி நடத்தினார் என்று ஒரு கட்சி, கண்டிக்காமல் கப் எங்கிருந்து வரும் என்று இன்னொரு கட்சி. முகம் தெரியாத அந்த ஆளுக்காக எங்கள் ஆட்கள் ராத்திரி சோறு ஆறுகிற வரைக்கும் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் சின்ன மாமா ஒரு வரி போட்டார்: “தப்புத்தான். இருந்தாலும் வேலைய விட்டுத் தூக்கற அளவுக்கா?”

அந்த “இருந்தாலும்” என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏனென்றால் அதே வாய், அதே சொல்லை, எங்கள் கோயில் வாசலில் வைத்துச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அப்போது எனக்கு எட்டு வயசு.

கொல்லிமலையில் எங்கள் ஊரிலிருந்து கல்லூரிப் படி மிதித்த முதல் பெண் என் அக்கா. மதிப்பெண்ணுக்குக் கிடைத்த இடமில்லை அது, அவள் உயரத்துக்கும் ஓட்டத்துக்கும் கிடைத்தது. கீழே ஒரு கல்லூரியின் கூடைப்பந்து கோச், மலைப் பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவில் அவளைப் பார்த்துவிட்டு, படிப்பும் ஹாஸ்டலும் இலவசம் என்று சொல்லி அழைத்துக்கொண்டார். சேர்த்துவிடப் போன அன்று அப்பா என்னையும் கூட்டிப்போனார். கொண்டை ஊசி வளைவுகளில் நான் வாந்தி எடுத்து முடிப்பதற்குள் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி வந்துவிட்டது.

கோச் நல்ல மனுசராகத்தான் தெரிந்தார். அக்காவின் ரப்பர் செருப்பைப் பார்த்துவிட்டு, “ஷூ போட்டு ஓடிப் பழக்கம் இருக்கா?” என்று கேட்டார். அப்பாவுக்கு அது கௌரவப் பிரச்சினையாகிவிட்டது.

“அதெல்லாம் எதுக்குங்க? பாறையிலயும் முள்ளுலயும் நடந்து வளந்த காலுங்க. மலக்காரி காலுக்குச் சுடாதுங்க, குத்தாதுங்க. எந்நேரம் வேணா ஓட வுடுங்க, தாங்கும்.”

கோச் சிரித்து, ஒரு ஜோடி ஷூவை அவரே எடுத்துக் கொடுத்தார். எனக்கு ஒரு பழைய பந்தும் கொடுத்தார். வழுவழுவென்று தேய்ந்துபோன பந்து. தான் சொன்னதை அப்பா திரும்பி வரும் பஸ்ஸில் கண்டக்டரிடம் சொன்னார், பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகு வாங்க வந்தவரிடம் சொன்னார், ஊருக்கு வந்து எல்லோரிடமும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் கோச்சின் சிரிப்பு கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போனது. எனக்கு அது மனப்பாடம். பந்தை உருட்டிக்கொண்டே நானும் சொல்லிப் பார்ப்பேன். மலைச் சரிவில் பந்து விளையாடுவதென்றால் பாதி நேரம் குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் பந்தைத் தேடுவதுதான், சொல்லிப் பார்க்க நிறைய நேரம் கிடைத்தது.

அடுத்த வருசம் கல்லூரிக்குக் கப் கிடைத்தது. எங்கள் ஊரிலிருந்தும் பக்கத்து ஊரிலிருந்தும் இன்னும் சில பெண்களைச் சேர்த்துக்கொள்வதாகக் கோச் சொல்லியனுப்பினார். கோச் வந்து இறங்கினால் கோழி அடிக்கிற அளவுக்கு அவர் எங்கள் ஆளாகிவிட்டார்.

அப்புறம்தான் அந்தச் செய்தி மேலே ஏறி வந்தது. ஒரு பெண்ணை வெயிலில் ஓடவிட்டாராம், கால் வெந்துபோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்களாம், ஹாஸ்டல் வார்டன் பிரின்சிபாலிடம் போய் நின்றாராம், கோச்சை அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். எந்தப் பெண் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஊரில் அப்போது அம்மன் திருவிழாவுக்கு நோம்பி சாட்டியிருந்தது. சாட்டிவிட்டால் நோம்பி முடிகிற வரைக்கும் ஊர் எல்லைக்குள் யாரும் செருப்புப் போடக் கூடாது. எல்லையில் இருக்கும் பலாமரத்தடியில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வெளியூரிலிருந்து வந்திருக்கும் கவர்மெண்ட் ஆபீசர்கூட அங்கே கழற்றிவிடுவார். மரத்தடியில் செருப்புகள் சந்தைக்கடை மாதிரி குவிந்து கிடக்கும்.

நோம்பிக்குப் பஸ்ஸில் வந்து இறங்கிய அக்கா, அந்தக் குவியலைத் தாண்டி வெள்ளை ஷூவோடு ஊருக்குள் நடந்து வந்தாள்.

எங்கள் வீடு வந்து சேர்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அம்மா கேட்டாள், அப்பா கேட்டார். “கோயிலுக்கு வாரேன், அங்க சொல்றேன்” என்றாள், அவ்வளவுதான்.

கோயில் வாசலில் அன்றைக்கு வேறு கூட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. கூட்டியவர் சின்ன மாமா. மாமா பேச ஆரம்பித்தால் மிளகு காய்த்த மாதிரி, கொத்துக் கொத்தாக வரும்.

“நாளைக்குக் காலையில ஒரு லாரி. ஊட்டுக்கு ஒரு ஆளு. நேராப் போறோம், காலேஜ் கேட்டுல உக்கார்றோம். அந்த மனுசன் இல்லீனா நம்ம புள்ளைகள எவன் திரும்பிப் பாப்பான்? ஏதோ ஒரு புள்ள, வெயில்ல ரெண்டு சுத்து ஓடுனதுக்கு ஒப்பாரி வெச்சிருக்குது. கீழ்நாட்டுப் புள்ளையாத்தான் இருக்கும். பூவாட்டம் வளத்தா அப்படித்தான். நம்ம புள்ள முன்னால நின்னு, கோச் தங்கமான மனுசன்னு பிரின்சிபால்கிட்டச் சொல்லட்டும். வேலையத் திருப்பிக் குடுப்பாங்க.”

நம்ம புள்ள என்றது அக்காவைத்தான். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்த கண்கள் அப்படியே ஷூவுக்கு இறங்கின.

ஊர்க்கவுண்டருக்கு முகம் சிவந்துவிட்டது. ஊர்த் தலைவரான அவர் எங்களுக்குப் பெரியப்பா முறை. “மொதல்ல அதக் கழட்டச் சொல்லு. அப்பறம் லாரியப் பத்திப் பேசலாம்.”

“காலேஜ் காத்து அடிச்சிருச்சுங்க” என்றார் மாமா. ரெண்டு மூணு பேர் சிரித்தார்கள்.

“கழட்டு சாமி” என்று அப்பா கெஞ்சினார்.

அக்கா தரையில் உட்கார்ந்தாள். கயிற்றை அவிழ்த்தாள், ஷூவைக் கழற்றினாள், சாக்ஸை மெதுவாக, தோலை உரிக்கிற மாதிரி உருவினாள். உள்ளே துணிக்கட்டு. அதையும் பிரித்தாள். பிறகு ரெண்டு காலையும் பெரியவர்களைப் பார்த்து நீட்டினாள். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் முன்னால் யாரும் கால் நீட்ட மாட்டார்கள். அவள் பாதம் தெரிகிற மாதிரி தூக்கியே நீட்டினாள்.

பாதத்தில் தோல் இல்லை. இருந்த இடத்திலும் கருகி ஒட்டிக்கொண்டிருந்தது.

“நாந்தான் அந்தப் புள்ள” என்றாள். “உச்சி வெயிலு. சிமெண்ட் தரை. போட்ட பந்து வளையத்துல வுழுகல. மத்த புள்ளைக தப்புப் பண்ணுனா ஷூவோட ஓடும் பெரியப்பா. என்ன மட்டும் ஷூவக் கழட்டச் சொன்னாரு. மலக்காரி காலுக்குச் சுடாதுன்னு சொன்னாரு. சொல்லிட்டு அந்தப் புள்ளைகளப் பாத்துச் சிரிச்சாரு. அவங்களும் சிரிச்சாங்க. நான் கீழ வுழுகற வரைக்கும் ஓடுனேன். நாளைக்கு லாரியில ஏறி இதத்தான் சொல்லுவேன். கூட்டிட்டுப் போறீங்களா?”

அம்மா ஓடி வந்து அந்தக் கால்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஊர்க்கவுண்டர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். “ஷூவப் போட்டுக்க கண்ணு. அம்மனுக்கும் கண்ணிருக்குது” என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாமா அதைச் சொன்னார். “தப்புத்தான், இல்லீங்கல. இருந்தாலும் வேலைய வுட்டுத் தூக்கற அளவுக்கா? கூப்புட்டுக் கண்டிச்சிருக்கலாம்ல. மத்த புள்ளைக பொழப்பும் இருக்குதுல்ல.”

சில தலைகள் ஆடின. வெந்த கால் கண்ணெதிரே கிடக்க, அந்தத் தலைகள் ஆடின.

“லாரியில நீ ஒருத்தன் மட்டும் போடா” என்றாள் அம்மா. தம்பியை அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. “வேண்டாம், லாரி எதுக்கு. இங்கிருந்து கீழ வரைக்கும் தார் ரோட்டுல மத்தியானத்துல வெறுங்கால்ல நடந்து போ. போயி அந்தாளுக்கு வேலை வாங்கிக் குடுத்துட்டு வா. உனக்குத்தான் சுடாதே.”

மாமா உட்கார்ந்துவிட்டார். ஊர்க்கவுண்டருக்கு மட்டும் கோபம் அடங்கவில்லை. கோச் எதிரில் இல்லாததால் அது யார்மேல் போய் இறங்குவதென்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

“சுடாதாமா? நம்ம காலென்ன இரும்பா? ஏனப்பா, நம்ம புள்ளைக்குச் சுடாதுன்னு அந்தாளுக்கு எவன் சொன்னது?”

யாரும் பேசவில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஊரில் எல்லோரும் எத்தனையோ தடவை கேட்ட விஷயம், ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லையே. நான் முன்னால் போய் நின்றேன்.

“எங்கப்பாதாங்க சொன்னாரு” என்றேன் சத்தமாக. “பாறையிலயும் முள்ளுலயும் நடந்து வளந்த காலுங்க. மலக்காரி காலுக்குச் சுடாதுங்க, குத்தாதுங்க. எந்நேரம் வேணா ஓட வுடுங்க, தாங்கும்.”

ஒரு சொல் விடாமல், அப்பாவின் குரலிலேயே சொல்லி முடித்தேன்.

அறை விழுந்தது. காது ரீங்கென்றது. அதுவரைக்கும் அப்பா என்னை ஒரு தடவைகூட அடித்ததில்லை. நிமிர்ந்து பார்த்தால், அடித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு விறுவிறுவென்று எல்லைப் பக்கம் நடந்தார். பலாமரத்தடிச் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

லாரி போகவில்லை. கால் ஆறியதும் அக்கா அதே கல்லூரிக்குத் திரும்பிப் போய், வேறொரு கோச்சிடம் விளையாடிப் படிப்பை முடித்தாள். ஆனால் அன்றைக்கு எனக்கு அதெல்லாம் முக்கியமில்லை. அழுதுகொண்டிருந்த என்னை அக்கா பக்கத்தில் இழுத்து வைத்து, “நீ சரியாத்தான் சொன்ன கண்ணு” என்று கன்னத்தைத் தடவிக்கொடுத்தாள்.

எனக்கு அழுகை இன்னும் கூடிவிட்டது. பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாத பதிலைச் சொன்னால் டீச்சர் எல்லோரையும் கை தட்டச் சொல்வார். நான் சொன்னது சரி என்று அக்காவே சொல்கிறாள். அப்புறம் அப்பா எதற்கு அடித்தார்?