ஆழ்வார்பேட்டைக்குப் பன்னிரண்டு போன்கள்

போன கார்த்திகை மழையில் எங்கள் நிறுவனத்தின் ஆழ்வார்பேட்டைக் கிளையில் பழைய தொலைபேசி இணைப்புப் பெட்டி கெட்டுப்போனது. இணையக் கேபிளில் ஓடும் ஐபி போன்களை மாட்டிவிட்டு வரும்படி வேலூரிலிருந்து என்னை அனுப்பினார்கள். பன்னிரண்டு போன்கள், ஒரு நாள் வேலை.

காட்பாடியில் காலை ஆறு மணிக்கு ரயில். நூற்று முப்பது கிலோமீட்டர், எட்டேகாலுக்கு சென்ட்ரல். எதிரே பறக்கும் ரயில் பிடித்தால் ஐந்து ரூபாயில் திருமயிலை. அங்கிருந்து கிளைக்கு இரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் ஆட்டோவுக்கு நூறு ரூபாய், அரை மணி நேரம். "மெட்ரோவுக்கு ரோட்ட தோண்டிக்கினு கீறாங்க சார், சுத்திக்கினுதான் போவணும்" என்றார் ஓட்டுநர். நீங்கள் போவதானால் போன் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அத்தனை பள்ளம்.

மதியத்துக்குள் பதினொன்றை மாட்டிவிட்டேன். பன்னிரண்டாவது, இருப்பதிலேயே விலை கூடிய தொடுதிரைப் போன், வரவேற்பு மேசைக்கு. அங்கே இருப்பவர் கலைச்செல்வி. கிளைக்கு வரும் அழைப்புகளை எல்லாம் ஒன்பது வருடமாக மாற்றிக்கொடுப்பவர். அவருக்குப் பார்வை இல்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போனின் கண்ணாடித் திரையைத் தடவிப் பார்த்தார். "இன்னா சார், பட்டனே இல்ல?"

மேலாளர் என்னை ஒதுக்கி அழைத்தார். "பாவம், இனிமே அவங்களுக்கு இது சரிப்படாது. வேற யாரையாவது உட்கார வச்சிடலாம்." தாழ்ந்த குரல்தான். ஆனாலும் கலைச்செல்விக்குக் கேட்டுவிட்டது. போனிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒரு மணி நேரம் கொடுங்க சார். உங்க ரூம்ல இருக்கற பட்டன் போனை இங்க மாத்தறேன். இதை நீங்க வச்சுக்குங்க" என்றேன். அரை மனதாகத் தலையாட்டினார்.

பட்டன் போனின் எண்களில் சிக்கலில்லை, ஐந்தின் மேல் விரலுக்குத் தட்டுப்படும் சிறு புள்ளி உண்டு. வெளி அழைப்புக்கு ஒரு மணியோசை, உள்ளிருந்து வருவதற்கு வேறொன்று என்று அமைத்தேன். ஆனால் ஒவ்வொரு அறைக்குமான பக்கவாட்டு பட்டன்கள் வழவழவென்று ஒரே மாதிரி இருந்தன. கலைச்செல்வி கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தார். "கல்லு வச்ச பொட்டு சார். மேனேஜருக்கு ஒண்ணு, அக்கவுண்ட்ஸுக்கு ரெண்டு ஒட்டுங்க."

என் கைபேசியிலிருந்து அழைத்துப் பார்த்தேன். அவர் மேலாளருக்கு மாற்றியதும் துண்டித்துப்போனது. மறுபடியும் அதே. மேலாளர் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கலைச்செல்விக்கு வியர்த்துவிட்டது. தேடிப் பார்த்தால் தப்பு என்னுடையது. அந்த பட்டனுக்குத் தவறான அமைப்பைக் கொடுத்திருந்தேன். எல்லோருக்கும் கேட்கும்படி அதைச் சொல்லிவிட்டுத் திருத்தினேன். மூன்றாம் முறை உள்ளே மணி அடித்தது. மேலாளர் ஓடிப்போய், எங்கே தொடுவது என்று தெரியாமல் திரையைத் தடவினார். மணி நிற்கவே இல்லை.

"சார், உங்களுக்கும் பொட்டு வோணுமா?" என்றார் கலைச்செல்வி. முதலில் சிரித்தது மேலாளர்தான்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: எத்தனை மேசை என்பதோடு, அங்கே யார் உட்காருகிறார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டன் போன் ஒன்று கூடுதலாக இருக்கட்டும். மாலை ஐந்துக்கு மேல் ஆட்டோவை நம்பாமல் திருமயிலைக்கு நடந்துவிடுங்கள், இருபத்தைந்து நிமிடம்.

நானும் நடந்தேன். நிலையத்திலிருந்து கிளைக்கு அழைத்தேன்.

"வணக்கம்" என்றது கலைச்செல்வியின் குரல்.

"நான்தாங்க..."

"தெரியுது சார், ரயிலு சத்தம் கேக்குது. மேனேஜர் கைல பேசணுமா? லைன்ல இருங்க."

இரண்டே முறைதான் மணி அடித்தது. மேலாளர் எடுத்துவிட்டார். "சும்மா, லைன் சரியா இருக்கான்னு பார்த்தேன் சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.